ஆசிரியர் சங்கத் தேர்தலில் நிற்பது எப்படி? வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் ஒரு விளக்கம்

[திரை: திருகோணமலை வீதியில் இருந்து வந்தாறுமூலை வளாக வாசல். அடுத்து ஒரு கூட்ட மண்டபம், பாதிக் கதிரைகள் காலி.]

குரல்: கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலோ, ஆசிரியர் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் இரண்டு மணிக்கு என்று அறிவித்தல் வரும். இரண்டரைக்கும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் தொகை, சேராது. செயலாளர் வாசலில் நின்று போனில் ஆள் கூப்பிடுவார். ஒருவாறு தலைகள் நிறைந்ததும், "தலைவர் பதவிக்கு யாரையாவது முன்மொழியுங்கள்" என்பார்கள். எல்லோரும் குனிந்து போனைப் பார்ப்பார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "போனமுறை இருந்த சேரே இருக்கட்டும்." கைதட்டல். ஏகமனதாகத் தெரிவு. சிற்றுண்டிப் பெட்டி வந்துவிடும்.

இதை ஒற்றுமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. போட்டியில்லாமல் வந்த தலைவர் உபவேந்தரின் மேசைக்கு முன்னால் உட்காரும்போது, தன் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. எதிரே இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

[திரை: "சங்கம் என்றால் சட்டப்படி என்ன?"]

குரல்: சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தருகிறது. பதிவு, கணக்கு, நிர்வாகிகள் பற்றிய விதிகள் அதைவிடப் பழையவை: 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம். ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் சங்கமும் கொழும்பில் கூடும் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனத்தில் அங்கம் வகிக்கும். செய்திகளில் 'ஃபுட்டா' என்று வருவது அதுதான்.

நீங்கள் தேர்தலில் நிற்கலாமா, வாக்குப் போடலாமா என்பதை உங்கள் சங்கத்தின் யாப்பு, அதாவது அதன் விதித்தொகுப்பு, தீர்மானிக்கும். அதில் சில இடங்களை வரி வரியாக வாசியுங்கள். தகுதிகாண் காலத்தில் உள்ள விரிவுரையாளர் நிற்கலாமா? தற்காலிக விரிவுரையாளருக்கு வாக்கு உண்டா? கற்றல் விடுமுறையில் வெளிநாட்டில் இருப்பவரின் வாக்கு என்ன ஆகும்? வேட்புமனு எழுத்தில் முன்கூட்டியே போக வேண்டுமா, அல்லது மண்டபத்திலேயே முன்மொழிந்து வழிமொழியலாமா? இரகசிய வாக்கெடுப்பு என்று எழுதியிருக்கிறதா, கையுயர்த்தினால் போதுமா? கையுயர்த்தும் தேர்தல் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். பீடாதிபதி உறுப்பினராக இருந்து அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால், பதவி உறுதிப்படுத்தலுக்குக் காத்திருக்கும் இளையவரின் கை பாதியில் நின்றுவிடும். இரகசிய வாக்கெடுப்பு கேட்டுக் கூட்டத்துக்கு முன்பே செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள்.

[திரை: நூலகம். மீள்கையளிப்பு மேசை, புத்தக வண்டி.]

குரல்: இனி நூலகர்கள். உதவி நூலகர், சிரேஷ்ட உதவி நூலகர் எல்லோரும் நம் நாட்டில் கல்விசார் ஊழியர்கள்தான். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி நூலகர் பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைக் கவனிக்கும் மூதவையிலும் உறுப்பினர். ஆனாலும் சங்கத் தலைவர் என்றதும் ஒரு பேராசிரியரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. தொகையில் குறைவு என்பது ஒரு காரணம். "அவங்களுக்கு லெக்சர் இல்லையே" என்ற முணுமுணுப்பு இன்னொன்று.

வேலைநிறுத்தம் வந்தால் இந்த முணுமுணுப்பின் மறுபக்கம் தெரியும். விரிவுரை நின்ற மாணவர்கள் எங்கே போவார்கள்? நூலகத்துக்கு. கதவைத் திறப்பதா, மூடுவதா என்ற கேள்வி உதவி நூலகரின் மேசையில் வந்து விழும். விரிவுரையாளர் பிறகு மேலதிக வகுப்பு வைத்து ஈடுசெய்யலாம். பூட்டிக் கிடந்த வாசிப்பு மண்டபத்தை எப்படி ஈடுசெய்வது? இதற்கு விடை வைத்திருக்கும் சங்கங்கள் குறைவு. ஏனென்றால் முடிவெடுக்கும் மேசையில் அந்தக் கேள்வியோடு வாழ்பவர் இருப்பதில்லை.

வெளியூர் உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும், நிரந்தரப் பதவிப் பாதையில் இல்லாத விரிவுரையாளர்களும் நூலகர்களும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். விரிவுரையாளர்கள் 6,000க்கு மேல், நூலகர்கள் சுமார் 350. ஒப்பந்தம் மட்டும் இருவருக்கும் வேறுவேறு. 2018இல் நூலகர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் கல்விச் சுதந்திரம் பற்றிய வாசகம் வேண்டும் என்று கேட்டார்கள். அது நூலகர்களுக்குப் பொருந்தாது என்றது நிர்வாகத் தரப்பு. அந்த ஒரு பதில் நாடு முழுவதும் நூலகர்களைக் கொதிக்க வைத்தது. 2019இல் முடிந்த ஒப்பந்தத்தில் அதற்கான ஏற்பாடு வந்தது. விரிவுரையாளர்களின் முறை 2021இல் வந்தது. நவம்பர் 17 வேலைநிறுத்தம் என்று நாள் குறித்து எல்லோரும் தயாரான பிறகு, அன்று விடியுமுன் உடன்பாடு எட்டியது. வேலையை நிறுத்தாமலே வென்றார்கள். நிறுத்துவார்கள் என்று எதிர்த்தரப்பு நம்பியது, அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது? தேர்தல் பிரசாரம் பயன்படுவது அதற்குத்தான்.

[திரை: விரிவுரையாளர் ஒருவரின் அறை. மேசையில் திருத்தாத விடைத்தாள் கட்டு, பிளேன்டீ.]

குரல்: ஓர் உதவி நூலகர் தலைவர் பதவிக்கு நிற்கிறார் என்று வையுங்கள். சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவரின் கதவைத் தட்டுகிறார்.

"சேர், அஞ்சு நிமிசம் இருக்கா?"

"வாங்க பிள்ளை. வோட்டுக் கேட்கத்தானே?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு சேர். போன ஸ்ட்ரைக்குல நீங்க ஏன் கையெழுத்துப் போடல்ல எண்டு கேட்க வந்தன்."

அவர் தேநீரைக் கலக்குகிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வீட்டு லோன் பிள்ளை. சம்பளம் ஒரு மாசம் நிண்டாலும் பேங்க் நிக்காது."

இந்த ஒரு வரிக்காகத்தான் கதவு கதவாகப் போகச் சொல்கிறேன். வட்ஸ்அப் குழுவில் இது வராது. அங்கே எல்லோரும் பெருவிரலை உயர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கொப்பியில் பெயர்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள்: கூட்டத்துக்கு வருவாரா, மனுவில் கையெழுத்திடுவாரா, வேலையை நிறுத்துவாரா. மூன்றும் மூன்று வேறு ஆட்கள். முதலாவதுக்கு ஓம் என்பவர்களை எண்ணிவிட்டு மூன்றாவதை அறிவித்த சங்கங்கள் இரண்டாம் வாரத்திலேயே மூச்சு வாங்கியிருக்கின்றன.

வந்தாறுமூலையில் மட்டும் நடந்தால் போதாது. சுகாதார விஞ்ஞானத் துறையினர் மட்டக்களப்பு நகர்ப்பக்கம் இருக்கிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒலுவில் ஒரு பக்கம், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். அங்கே போகாமல் அவர்கள் வாக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சிங்களம் பேசும் சக விரிவுரையாளர்களிடமும் போக வேண்டும். துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் மட்டும் அடித்தால், உங்களுக்குச் சொல்ல வேறு எதுவும் தேவையில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

[திரை: மட்டக்களப்பு ரயில் நிலையம், இரவு.]

குரல்: இந்தப் பதவியில் யாரும் விளம்பரப்படுத்தாத பகுதி கொழும்புப் பயணம். சம்மேளனக் கூட்டம் என்றால் இரவு ரயில், காலையில் முகம் கழுவிக்கொண்டு நேரே கூட்டம், திரும்ப இரவு. கூட்டத்தில் பேச்சு சிங்களத்துக்கு வழுக்கும்போது, "மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் துணிவும் வேண்டும். 2012 ஜூலை 4 முதல் ஒக்டோபர் வரை நீடித்த பெரிய வேலைநிறுத்தத்தை நினையுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு என்ற கோரிக்கை அப்போதுதான் ஊர்ச்சுவர் வரை வந்தது. 2023இல் வரி உயர்வை எதிர்த்து உயர்தரப் பரீட்சை விடைத்தாள் மதிப்பீட்டில் இருந்து விரிவுரையாளர்கள் ஒதுங்கினார்கள். அந்த விடைத்தாள்கள் நம் ஊர்ப் பிள்ளைகளுடையவையும்தான். ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு தாய் வழிமறித்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கொழும்புத் தலைவர் இல்லை, நீங்கள். அந்தப் பதிலை முன்கூட்டியே யோசிக்காதவர் நிற்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

ஆகவே விஞ்ஞாபனம் நீளமாக வேண்டாம். சம்பளமும் வரியும் கொழும்பில் தீரும் விடயங்கள், அவற்றை நீங்கள் தனியாக வாக்குறுதி கொடுக்க முடியாது. பதவி உயர்வுக் கோப்பு எங்கே தேங்குகிறது, தற்காலிக விரிவுரையாளரின் கொடுப்பனவு ஏன் பிந்துகிறது, வேலைநிறுத்தத்தில் நூலகம் என்ன செய்யும்: இப்படி வளாகத்துக்குள் தீர்க்கக்கூடிய இரண்டு மூன்றைச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் உங்களைப் பிடித்துக் கேட்கக்கூடியவையாக இருக்கட்டும்.

[திரை: வாக்குச்சீட்டு எண்ணும் மேசை.]

குரல்: வென்றால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை சலிப்பானவை. வங்கிக் கணக்கின் கையெழுத்தாளர்களை மாற்றுங்கள். நிர்வாகிகள் மாறியதைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அறிவியுங்கள். சந்தாப் பட்டியலைப் பழைய பொருளாளரிடம் எழுத்தில் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். உபவேந்தரிடம் சந்திப்புத் திகதி கேட்டுக் கடிதம் கொடுங்கள், போனில் கேட்க வேண்டாம்.

தோற்றால் செயற்குழுவில் இடம் கேளுங்கள். கொப்பியை அப்படியே வென்றவரிடம் நீட்டாதீர்கள். பெயர்களை விட்டுவிட்டுப் பிரச்சினைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக் கடன் கதையை அந்த சேர் உங்களை நம்பித்தான் சொன்னார்.

யாப்பின் பிரதி இன்னும் கைக்கு வராதவர்கள் நாளைக்கே செயலாளரிடம் கேளுங்கள். தேடிப் பார்த்துத் தருகிறேன் என்று பதில் வந்தால், தேர்தலில் எழுப்ப உங்களுக்கு முதல் விடயம் கிடைத்துவிட்டது.