குழந்தைத் தொட்டிலை விடச் சின்ன இடத்திலா படுக்கிறீர்கள்? கட்டில் வாங்க முதல் இதைப் பாருங்கள்

(தரையில் சோக்கால் கீறிய இரண்டு கோடுகள். நடுவில் 24 அங்குலம்.)

இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நான் இப்போது மல்லாந்து படுக்கிறேன், பாருங்கள். தோள் எப்படியோ உள்ளே நிற்கிறது, ஆனால் கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்தால் முழங்கை கோட்டைத் தாண்டிப் பக்கத்து ஆளின் மூக்குக்குப் போகிறது. ஆறுக்கு நாலு கட்டிலில் இரண்டு பேர் படுத்தால் ஆளுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இப்போது இதைக் கேளுங்கள்: அமெரிக்காவில் கைக்குழந்தைக்கு விற்கிற முழு அளவுத் தொட்டில் கட்டிலின் உள் அகலம் 28 அங்குலம். அங்கே அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், முக்கால் அங்குலம் கூடவும் முடியாது குறையவும் முடியாது. நடக்கத் தெரியாத பிள்ளைக்கு 28, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிற உங்களுக்கு 24!

வணக்கம் உறவுகளே, திருகோணமலையிலிருந்து. கட்டில் அளவுதான் இன்றைய கதை. எங்கள் கடைகளில் மெத்தை 72 அங்குல நீளத்தில் 36, 48, 60, 72 என்ற அகலங்களில் வரும், அதைத்தான் ஆறுக்கு மூன்று, ஆறுக்கு நாலு, ஆறுக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு என்கிறோம். நீளம் 75, 78 உள்ளவையும் கிடைக்கும். தேக்கா முதிரையா, தும்பு மெத்தையா ஸ்பிரிங்கா என்று கேட்கிறவர்களுக்கு இன்னொரு நாள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கடைக்குப் போனதும் 'குயீன் வேணுமா, கிங் வேணுமா' என்பார்கள். இந்தப் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் இங்கிலாந்தில் கிங் என்றால் 150க்கு 200 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி அகலம். அதே ஐந்தடி அகலத்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் பெயர் குயீன். லண்டனில் ராஜாவாகப் படுத்தவர் ரொறன்ரோவில் எழும்பினால் ராணி! அமெரிக்கக் கிங் 76க்கு 80 அங்குலம். எங்கள் ஆறுக்கு ஆறின் அகலத்தை இங்கிலாந்தில் தேடினால் அது சூப்பர் கிங். கலிபோர்னியா கிங் என்று இன்னொன்று இருக்கிறது, பெயரைக் கேட்டால் எல்லாவற்றையும் விடப் பெரிசு என்று நினைப்பீர்கள், ஆனால் அது சாதாரண அமெரிக்கக் கிங்கை விட நாலு அங்குலம் நீளம், நாலு அங்குலம் ஒடுக்கம். யார் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தார்களோ!

இதில் சிரிப்பு என்னவென்றால், வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. லண்டனில் இருந்து வந்த சித்தி, 'உன்ர கட்டில் கிங் தானே' என்று கேட்டு எனக்கு ஒரு கிங் விரிப்பு கொண்டுவந்தார், நாலு மூலையிலும் இலாஸ்டிக் வைத்த நல்ல பருத்தி விரிப்பு. என்னுடையது அப்போது ஆறுக்கு ஆறு. ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் ஒரு முழு அடி குறைகிறது. அம்மா ஒரு மூலை, நான் ஒரு மூலை என்று இழுத்துப் பார்த்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்தோம். அந்த விரிப்பை மறக்காதீர்கள், திரும்ப வரும்.

லண்டன் என்றதும் ஞாபகம் வருகிறது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வேர் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பழைய கட்டில் இருக்கிறது, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது, அகலமே 3 மீட்டருக்கு மேல். என் படுக்கையறை பத்தடிக்குப் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். அந்தக் கட்டில் என் அறையை விடப் பெரிசு, நான் வேண்டுமானால் அதற்குள் குடியேறலாம்.

இப்போது அந்தப் பத்துக்குப் பத்து அறைக்கு வருவோம், வீட்டுத்திட்ட வீடு உட்பட இங்கே நிறையப் பேருக்கு இருப்பது கிட்டத்தட்ட இந்த அளவுதான். நான் ஏன் ஆறுக்கு ஆறு வாங்கினேன்? நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் அறையில் அகலக் கட்டிலைப் பார்த்து ஆசைப்பட்டேன். ஹோட்டல் அறையில் மூன்று கதவு அலுமாரி இல்லை, கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை இல்லை, அதை யோசிக்கவில்லை. மெத்தை 72 என்றால் கட்டிலும் 72 என்று நினைத்தது அடுத்த பிழை. சட்டத்தோடு அகலம் 76, தலைமாட்டுப் பலகையோடு நீளம் 80. அறை 120. கால்மாட்டில் மிஞ்சியது 40 அங்குலம், அங்கே 22 அங்குல ஆழமுள்ள அலுமாரியை வைத்தால் நடுவில் 18. அலுமாரிக் கதவின் அகலம் 20. திறக்காது! சரி என்று கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, அலுமாரியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனேன். இப்போது இடைவெளி 22, கதவு திறக்கும், ஆனால் திறந்தபின் நிற்க இடமில்லை, கட்டிலில் முழங்காலில் நின்றுதான் சட்டை எடுக்க வேண்டும். மாமி வந்து பார்த்துவிட்டு, 'கட்டிலுக்குள்ள ஒரு அறை கட்டியிருக்கிறீங்கள் தம்பி' என்றார்.

அப்புறம் நுளம்பு வலை. சுவரோடு ஒட்டிய கட்டிலில் அந்தப் பக்கத்து வலையை மெத்தைக்குக் கீழே செருகுவது ஒரு தேகப்பயிற்சி. அதற்காகச் சின்னக் கட்டில் வாங்கினால் தீர்ந்தது என்று சொல்லவும் மாட்டேன், ஒடுக்கமான கட்டிலில் கை வலையோடு ஒட்டிக்கிடக்கும், நுளம்பு வெளியே இருந்தபடியே வலைக்குள்ளால் குத்தும். வீடியோவின் தொடக்கத்தில் சொன்ன 24 அங்குலத்துக்கு நான் எதிரி என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

கடைசியில் ஆறுக்கு ஆறை அண்ணாவின் பெரிய அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறுக்கு ஐந்து செய்வித்தேன். சட்டத்தோடு 64, அலுமாரியைக் கழித்தால் 34 அங்குலம் நடைபாதை. அந்த இடத்தில் கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி இழுத்து வலையைச் செருகிவிட்டுத் திரும்பத் தள்ளலாம். ஆளுக்கு 30 அங்குலம், எனக்குப் போதும். சித்தியின் லண்டன் விரிப்பு அகலத்தில் அச்சாகப் பொருந்தியது, கால்மாட்டில் மட்டும் ஏழு அங்குலம் மிச்சம், அதை மடித்துவிட்டேன். பிள்ளை நடுவில் படுக்கும் என்றுதானே பெரிசு வாங்குகிறோம் என்பீர்கள். ஆறுக்கு ஆறில் மூன்று பேர் என்றால் ஆளுக்குத் திரும்ப 24 தான், அதுவும் பிள்ளை நேராகப் படுத்தால்.

உயரமானவர்கள் நீளத்தைப் பாருங்கள். உங்கள் உயரத்தோடு ஆறு அங்குலம் கூட்டுங்கள், ஐந்தடி ஆறு வரைக்கும் 72 போதும், அதற்கு மேல் 75 அல்லது 78 கேளுங்கள். வடக்கே தலை வைக்க மாட்டீர்கள் என்றால் கட்டில் போட மூன்று திசைதான் மிச்சம், அதிலும் ஒன்றில் கதவு இருக்கும். யன்னலைத் தலைமாட்டுப் பலகையால் மறைக்காதீர்கள். 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய நாட்களில், மின்விசிறி நின்ற அறையில் அந்த யன்னல்தான் துணை. மாடி வீடு என்றால் படியின் திருப்பத்தையும் அளங்கள், ஸ்பிரிங் மெத்தை மடியாது.

செலவில்லாத ஒரு வேலை: கடைக்குப் போக முதல் சட்டத்தோடு சேர்ந்த அளவைத் தரையில் சோக்கால் கீறுங்கள், இரண்டு நாள் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்காமல் அறையில் நடமாடுங்கள், அலுமாரியைத் திறந்து மூடுங்கள், இரவில் விளக்கைப் போடாமல் கழிவறைக்குப் போய் வாருங்கள். நான் கீறியபோது எங்கள் வீட்டுப் பூனைதான் முதலில் உள்ளே படுத்தது.

உங்கள் அறையின் நீளம், அகலம், கதவு எந்தப் பக்கம், யன்னல் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள், மூன்று அறைகளை எடுத்து அடுத்த வீடியோவில் இதே தரையில் கீறிக் காட்டுகிறேன். அங்குலத்தில் எழுதுங்கள். 'எங்களிடம் கிங் இருக்கு' என்று மட்டும் எழுதினால், எந்த நாட்டு ராஜா என்று திரும்பக் கேட்பேன்.