சான்றிதழ் வராத குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். ஜான் விண்டம் 1955-இல் எழுதிய 'தி கிரிசலிட்ஸ்' நாவலில் வாக்நக் என்றொரு ஊர் வருகிறது. உலகமே கருகிப்போன ஒரு பேரழிவுக்குப் பல தலைமுறை கழித்து, லாப்ரடாரில் பிழைத்துக் கிடக்கும் விவசாயிகளின் ஊர். அவர்கள் கையில் இருப்பவை பைபிளும், பின்னால் நிக்கல்சன் என்பவர் எழுதிவைத்த 'மனந்திரும்புதல்கள்' என்ற நூலும்தான்.

மனிதன் யார் என்பதற்கு அங்கே எழுத்தில் அளவு உண்டு. கைக்கு இரண்டு மூட்டு, நான்கு விரல், ஒரு கட்டைவிரல், தட்டை நகம். பாதத்துக்கு ஐந்து விரல். பயிரோ கால்நடையோ அளவு தப்பினால் அது 'குற்றம்'. வயலை எரிப்பார்கள், கன்றை வெட்டுவார்கள், கூடவே துதிப்பாட்டு. மனிதப் பிறவி தப்பினால் அது 'தெய்வநிந்தனை'. பிள்ளை பெறமுடியாதபடி செய்து, விளிம்பு நிலம் எனப்படும் காட்டுக்குத் துரத்திவிடுவார்கள்.

நாவலின் கூர்மையான இடம், கதையைச் சொல்லும் சிறுவன் டேவிட்டின் தங்கை பெட்ரா பிறக்கும் இடம். உள்ளே குழந்தை அழுகிறது. வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதிகாரி வந்து பார்த்து 'இயல்பானது' என்று சான்றிதழ் தரும்வரை, குழந்தையே பிறக்கவில்லை என்றுதான் கணக்கு. அவரோ அவசரமே படுவதில்லை. டேவிட்டின் தந்தை ஜோசப் ஸ்ட்ரோர்முக்கும் அவருக்கும் பழைய வாக்குவாதம் ஒன்று இருக்கிறது. ராட்சதக் குதிரைகளை அரசு அனுமதித்தது பற்றியது அது. ஒரு குதிரை இரண்டின் வேலையைச் செய்யும், இருமடங்கு தீனி தின்னாது. ஆகவே அதன் உருவம் 'இயல்பு' ஆகிவிட்டது! லாபம் வந்தால் இலக்கணம் வளைகிறது. இதைச் சரியாகக் கண்டுபிடிப்பவர் ஊரிலேயே கடும் மதவெறியரான ஜோசப் என்பது விண்டமின் குறும்பு.

அதே நாட்களில் சித்தி ஹாரியட் தன் கைக்குழந்தையுடன் வருகிறாள். குழந்தையிடம் சின்னக் குறை. சான்றிதழ் வாங்கும்வரை பெட்ராவை மாற்றிக் கொடு என்று அக்காவிடம் கெஞ்சுகிறாள். அக்கா மறுக்கிறாள். பிறகு ஹாரியட்டின் உடல் ஆற்றில் கிடைக்கிறது. குழந்தையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டேவிட்டின் தோழி சோஃபியைக் காட்டிக்கொடுப்பதும் ஊர்ப்பையன்தான். ஈரப்பாறையில் பதிந்த பாதத்தில் ஆறு விரல் தெரிகிறது, அவ்வளவே. இந்த ஏற்பாட்டுக்கு ஒற்றர் படை தேவையில்லை. மறைப்பதும் குற்றம் என்று வைத்துவிட்டால் அண்டை அயலாரே போதும்.

முடிவைப் பற்றிப் பலருக்கு மனக்குறை உண்டு, எனக்கும்தான். டேவிட்டும் பெட்ராவும் வாய் திறக்காமல் மனத்தால் பேசுபவர்கள்; அந்த ஊர்க் கணக்கில் அதுவும் தெய்வநிந்தனை. அது வெளிப்பட்டு விளிம்பு நிலத்துக்கு ஓடிய அவர்களை மீட்க, சீலாந்து என்ற தொலைதூர நாட்டிலிருந்து ஒரு பெண் வான ஊர்தியில் வருகிறாள். ஒட்டும் இழைகளைப் பொழிந்து, துரத்தி வந்தவர்களையும் விளிம்பு நிலத்தாரையும் சேர்த்தே கொல்கிறாள். புதிய இனம் எழ, பழையது அழியத்தான் வேண்டும் என்று பிரசங்கமும் செய்கிறாள். ஜோசப் ஸ்ட்ரோர்ம் பேசியிருந்தாலும் தொனி இப்படித்தான் இருந்திருக்கும். விண்டம் இதைக் கண்டித்து எழுதினாரா, நம்பி எழுதினாரா என்பதில் வாசகர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கண்டித்து என்றால், டேவிட்டுக்கு ஒரு வரியாவது மறுத்துப் பேசக் கொடுத்திருக்கலாம்.