15-க்கு 7 நல்லதா, கெட்டதா?

நேயர்களுக்கு வணக்கம். ஒருவர் 15 சொற்களை வாசித்துக் காட்டுகிறார், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இதையே ஐந்து முறை செய்துவிட்டு, அரை மணி நேரம்போல வேறு வேலை கொடுத்துவிட்டு, "இப்ப எது எது ஞாபகம் இருக்கு, சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். ஏழு சொற்கள் வருகின்றன. நினைவாற்றலைப் பார்க்க உலகம் முழுக்கப் பயன்படும் சோதனை இது. சரி, 15-க்கு 7 நல்லதா, கெட்டதா?

பள்ளிக்கூட நினைப்பில் பார்த்தால் பாதிகூட வரவில்லை. ஆனால் இங்கே பாஸ் மார்க் என்று எதுவும் கிடையாது. அதே வயது, அதே படிப்பு உள்ள, நோயில்லாத ஆட்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த ஏழுக்கு உயிர் வரும். கணக்குக்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஐந்தாவது வரை படித்த 70 வயதுக்காரர்களின் சராசரி 8, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு, 2.5 என்று வையுங்கள். ஏழிலிருந்து எட்டைக் கழித்து 2.5-ஆல் வகுத்தால் மைனஸ் 0.4. சராசரியிலிருந்து எத்தனை விலக்கம் தள்ளி நிற்கிறார் என்று காட்டும் இதுதான் இஜட் ஸ்கோர். சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று வைக்கும் ஐ.க்யூ. சோதனைகளின் வெக்ஸ்லர் அளவில் அது 94, அதாவது கவலைப்பட ஒன்றுமில்லை. அதே ஏழு மதிப்பெண்ணை ஒரு 40 வயதுப் பட்டதாரி எடுத்திருந்தால்? அவர் குழுவின் சராசரி 12, விலக்கம் 2 என்றால் மைனஸ் 2.5. ஆயிரம் பேரை நிறுத்தினால் கடைசி ஆறு பேருக்குள் வருகிற மதிப்பெண் அது, உடனே மேல்விசாரணை வேண்டும்.

இவ்வளவும் கையாலேயே போடக்கூடிய கணக்கு. மென்பொருளுக்குள் போகும்போதுதான் வம்பு வருகிறது, நான் இன்று பேச வந்ததும் அதைப் பற்றித்தான். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் சராசரி கேட்கும் திரையிலேயே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் டிக் போட்டால் போதும், பெயருக்கு முன்னால் இஜட் எழுத்து ஒட்டிய புது நெடுவரிசை ஒன்று வந்து நிற்கும். ஆர் மென்பொருளில் ஸ்கேல் என்று ஒரே ஒரு கட்டளை. இரண்டும் சரியாகத்தான் வேலை செய்கின்றன, ஆனால் யாருடைய சராசரியை எடுக்கின்றன? உங்கள் கோப்பில் இருப்பவர்களின் சராசரியை! மறதி நோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்கள் மட்டுமே அந்தக் கோப்பில் இருந்தால், அவர்களின் சராசரி 5, விலக்கம் 2 என்றால், அந்த 40 வயதுக்காரருடைய மைனஸ் 2.5 இப்போது பிளஸ் 1 ஆகிவிடும். சோதனை தவறவில்லை, கணினியும் தவறவில்லை, ஆனாலும் நோயாளி ஒருவர் காகிதத்தில் சராசரிக்கு மேலே போய்விட்டார். குழுவுக்குள் ஒருவரையொருவர் ஒப்பிட அந்தப் பெட்டி போதும். ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல அது உதவாது.

என்ன செய்வது? நார்ம்ஸ் அட்டவணையை, அதாவது நோயில்லாதவர்களின் சராசரியும் விலக்கமும் குழு குழுவாக உள்ள பட்டியலை, தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, வயது, படிப்பு, ஆணா பெண்ணா என்பதை வைத்து உங்கள் கோப்போடு இணையுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அவரவர் குழுவின் சராசரியும் விலக்கமும் வந்துவிடும், அப்புறம் ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். நம் நாட்டிலேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பில் இப்படிப் பிரித்த அட்டவணைகள் இருக்கின்றன, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனியாகவும்கூட. வெளிநாட்டு அட்டவணையை எடுத்து நம் ஊர்ப் பாட்டிமேல் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆரோக்கியமானவர்களின் தரவு போதிய அளவு கையில் இருந்தால் ரெக்ரெஷன் வழியும் உண்டு: இந்த வயது, இந்தப் படிப்புக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று மென்பொருளிடம் கேட்டு, எடுத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எச்சங்களின், அதாவது ஆரோக்கியமானவர்களிடம் வரும் இதே வித்தியாசங்களின், விலக்கத்தால் வகுப்பது. ஆனால் 65 வயதுவரை சேகரித்த தரவை வைத்து 82 வயதுக்காரரைக் கணிக்கக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வராதவர்களுக்கு 99 என்று போட்டு வைத்திருப்பீர்கள், அதை விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் 15-க்கு 99 எடுத்தவர்கள் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எண்களைக் கோட்டால் இணைக்கும் டிரெயில் மேக்கிங் மாதிரிச் சோதனைகளில் எண்ணுவது நொடிகளை, அங்கே அதிகம் என்றால் மோசம். பிளஸ், மைனஸ் குறியைத் திருப்பாமல் மற்றவற்றோடு கூட்டினால் மொத்தமும் பாழ்.

எனக்கு மனம் ஆறாத ஒன்று, பள்ளிக்கூடமே போகாத நம் பெரியவர்கள். நினைவும் சிந்தனையும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் மோக்கா சோதனையின் வழக்கமான வடிவத்தில் 30 மதிப்பெண், 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்திருந்தால் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். பிளஸ் டூ முடித்தவருக்கும் அதே ஒன்று, பேனாவையே பிடித்திராத அம்மாவுக்கும் அதே ஒன்று. இது எப்படிப் போதும்? கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னால் அந்த அம்மா திணறுவது மறதியாலா, பென்சில் பழக்கம் இல்லாததாலா? எந்த மென்பொருளும் இதைப் பிரித்துச் சொல்லாது.

அதனால், வீட்டில் யாருக்காவது இப்படியொரு சோதனையின் அறிக்கை வந்திருந்தால், அந்த உளவியலாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: "எங்க அம்மாவை யாரோட ஒப்பிட்டு இந்த நம்பர் போட்டீங்க? அவங்கள்ல படிக்காதவங்க இருந்தாங்களா?" நன்றி, வணக்கம்.