நத்தை ஓட்டைத் திறக்கும் அலகு

வணக்கம் நண்பர்களே! காவேரிப்பாக்கம் ஏரிக்கரை மேல் நடந்துகொண்டே பேசுகிறேன், காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும். பல்லவர் காலத்து ஏரி இது. தண்ணீர் இறங்கி ஓரமெல்லாம் சேறாகிக் கிடக்கும்போதுதான் பறவைகள் இரை எடுப்பதை நன்றாகப் பார்க்கலாம்.

அதோ, சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை. நத்தை குத்தி நாரை! ஜூம் செய்கிறேன், அலகை மட்டும் பாருங்கள். வாய் மூடியிருக்கும்போதே நடுவில் ஒரு சந்து தெரிகிறதா? அடிபட்டு வளைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குஞ்சுக்கு இது இருக்காது, வளர வளரத்தான் வரும்.

இருங்கள், ஒரு நத்தை சிக்கிவிட்டது! மேல் அலகால் ஓட்டைச் சேற்றோடு அழுத்திக்கொள்கிறது. கீழ் அலகின் நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் விடுகிறது. அந்த நுனி பல நாரைகளுக்கு லேசாக வலப்பக்கம் திரும்பியிருக்கும். நத்தை ஓடும் வலப்பக்கமாகத்தானே சுருண்டிருக்கிறது! இதோ, சதை தனியாக வந்துவிட்டது. இவ்வளவும் தலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நடக்கிறது. எனக்கு இதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

பக்கத்தில் சின்னக் கொக்கு மஞ்சள் விரல்களால் சேற்றைக் கலக்கி, பயந்து ஓடும் மீனைப் பிடிக்கிறது. நீர்க்காகம் முங்கிப் பிடிக்கும். ஒரே ஏரிதான், ஆனாலும் ஆளுக்கொரு பந்தி.

இதில் நாரைக்குத்தான் கஷ்டம். உண்ணிக்கொக்குக்கு ஏரி வற்றினாலும் கவலையில்லை. மாட்டுக்குப் பின்னாலோ டிராக்டருக்குப் பின்னாலோ போய் வெட்டுக்கிளியைத் தின்று பிழைத்துக்கொள்ளும். நாரையும் தவளை, நண்டு என்று எடுக்கும்தான். ஆனால் முக்கியச் சாப்பாடு நத்தை. தண்ணீர் வற்றினால் நத்தை மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்துவிடும். அப்புறம் நாரை வேறு தண்ணீரைத் தேடிப் பறக்க வேண்டியதுதான்.

விவசாயம் செய்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வயலில் இந்த நாரை இறங்கினால் கல் எறியாதீர்கள். அது நெல்லைத் தொடுவதில்லை, நாற்றைக் கடிக்கும் நத்தையைத்தான் பொறுக்குகிறது. நத்தைக்கு மருந்து போடுவதற்கு முன் நாலு நாள் நாரையை மேயவிட்டுப் பாருங்கள்.

சரி, மதகுப் பக்கம் போகிறேன். அங்கே கரண்டிவாயன் நின்றால், அது அலகைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் துழாவி மீன் பிடிப்பதையும் எடுத்துப் போடுகிறேன்.