கொதித்த இலையும் பிழிந்த இலையும்

[காட்சி: இறகு போல் பிளவுபட்ட பச்சை இலைகள், மிக அருகில்]

பூக்கடையில் மணக்கும் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது இந்தச் செடி. தாவரவியல் பெயர் ஆர்ட்டிமிசியா அன்னுவா. சீனர்கள் சிங்ஹாவ் என்பார்கள். மலேரியாவைக் குணப்படுத்தும் ஆர்ட்டிமிசினின் என்ற பொருள், இந்த இலைப்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் சேர்ந்திருக்கிறது.

[காட்சி: பழைய சீனச் சுவடி]

மலேரியாவுக்கு மருந்து தேடி பெய்ஜிங்கில் 1969-இல் பணியைத் தொடங்கிய சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட வடிசாறுகளை எடுத்து எலிகளிடம் சோதித்தது. சிங்ஹாவ் ஒருமுறை நல்ல பலன் தந்தது; ஆனால் அதே பலன் மறுபடி கிட்டவில்லை. காரணம் தேடிய தூ யூயூ, 4-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் கையேட்டில், ஒரு கைப்பிடி இலையை நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்கச் சொல்லும் குறிப்பைக் கண்டார். வழக்கமான கஷாயத்தைப் போல் அடுப்பில் கொதிக்கவைக்கும் பேச்சே அதில் இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற அவர், ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கரைப்பானாகக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறெடுத்து, அதிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட அமிலப் பகுதியையும் நீக்கினார். 1971 அக்டோபர் 4 அன்று, அந்தச் சாறு எலிகளின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியை முற்றிலும் ஒழித்தது.

[காட்சி: மூலக்கூறு வரைபடம், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சிவப்பில்]

ஆர்ட்டிமிசினினின் வலிமை, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பெராக்சைடு பாலத்தில் இருக்கிறது. ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது வெளிப்படும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்க, அப்போது பிறக்கும் வினைமிகு துகள்கள் ஒட்டுண்ணியையே தாக்குகின்றன. பாலம் இல்லாத மூலக்கூறால் பயனில்லை.

ஆயினும், கொதித்த இலை பலன் தராததற்கான பழியை முழுவதும் சூட்டின்மேல் போடுவது சரியன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. தூய ஆர்ட்டிமிசினின் படிகம் 156 டிகிரிக்கு மேல் உருகும்போதுகூட எளிதில் சிதைவதில்லை. அது நீரில் மிகக் குறைவாகவே கரைகிறது என்பதற்கும் இணையான இடம் தர வேண்டும். கஷாயத்தில் இலையின் கசப்பும் நிறமும் இறங்கிவிடும். மருந்தோ பெரும்பகுதி சக்கையில் தங்கிவிடலாம். கே ஹோங் சொன்னபடி முறுக்கிப் பிழியும்போது சுரப்பி மயிர்கள் நசுங்கி, எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களும் கூடவே சாற்றில் கலக்கின்றன. 'பிழிந்து' என்ற அந்த ஒரு சொல்லை அவர் எழுதி வைத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

[காட்சி: ஆலையின் கரைப்பான் கலன்கள்]

இன்றைய ஆலைகள் உலர்ந்த இலையிலிருந்து ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்களால் ஆர்ட்டிமிசினினைப் பிரித்துப் படிகமாக்கி, அதிலிருந்து ஆர்ட்டிசுனேட் முதலிய மருந்துகளைச் செய்கின்றன. இந்த இலையைத் தேநீராகக் காய்ச்சி மலேரியாவுக்குக் குடிப்பதை உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு குவளையிலும் மருந்தின் அளவு மாறும். அளவு குறைந்தால் நோய் தீராது, தப்பிய ஒட்டுண்ணிகள் மருந்தை எதிர்க்கும் திறனையும் பெறக்கூடும்.