டிரெசர் போட்ட ஊசி

(கோலாலம்பூர் செந்தூலில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

"கோவிட் தடுப்பூசி போட்ட அனுபவத்தைச் சொல்லுங்க" என்று என்னை அழைத்தார்கள். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒருவருக்குக்கூட ஊசி போடவில்லை. அது தாதியர் வேலை. நான் நாற்காலி துடைத்தேன், வரிசை பார்த்தேன், தடுப்பூசிப் பதிவு இருந்த மைசெஜாத்ரா செயலியைக் கைபேசியில் திறக்கத் தெரியாதவர்களுக்குத் திறந்து கொடுத்தேன். மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்டேன்.

2021 பிப்ரவரி 24-இல் நம் மலேசியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மே மாதம், அஸ்ட்ராஜெனகா தடுப்பூசி வேண்டுவோர் தாமே பதியலாம் என்றார்கள். 268,800 இடங்களும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. "ரத்தம் கட்டிக்குமாம்" என்று வாட்ஸ்அப்பில் அவ்வளவு பயமுறுத்தல் நடந்த நேரம் அது! அப்படிப் பதிந்தவர்கள் வந்த இடங்களில் ஒன்றுதான் கோலாலம்பூரின் பிடபிள்யூடிசி மாநாட்டு மையம். நான் நின்றதும் அங்கேதான்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதைச் சுத்தத் தமிழில் கேட்போமே என்று, "ஐயா, ஒவ்வாமை இருக்கா?" என்றேன். "எங்க வீட்ல பூனைதான் தம்பி, ஆமையெல்லாம் இல்ல" என்றார் அந்தப் பெரியவர். சிரிக்காதீர்கள், தப்பு என்னுடையது. அலர்ஜி என்று கேட்டாலும் பலர் யோசிக்காமல் "இல்லை" என்றுதான் சொன்னார்கள். இருக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயம்.

ஒரு பாட்டி. எல்லாவற்றுக்கும் "இல்லப்பா". எனக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. "பாட்டி, முன்னால தோட்டத்துல இருந்தீங்களா?" என்றேன். முகம் மலர்ந்தது. கித்தா என்கிற ரப்பர் மரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், தோட்டத்து ஆஸ்பத்திரி, அங்கே மருந்து கொடுத்த உதவியாளரான டிரெசர் என்று வரிசையாக வந்தது. "டிரெசர் ஒரு ஊசி போட்டாரு பாரு, மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, ரெண்டு நாள் எந்திரிக்கல. பென்சிலினாம்."

நான் கேட்டதற்கு விடை அதுதான். பாட்டியின் அகராதியில் அதற்குப் பெயர் 'ஒத்துக்கல'. அவ்வளவே.

டாக்டரிடம் சொன்னேன். அவர் விசாரித்துவிட்டு, ஊசி போடலாம், ஆனால் மற்றவர்களைப்போல 15 நிமிடம் போதாது, 30 நிமிடம் உட்காரட்டும் என்றார். அன்றிலிருந்து படிவத்தை நான் வாசிக்கவே இல்லை. "எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம வீங்கியிருக்கா, தடிச்சிருக்கா, மூச்சு முட்டிச்சா?" என்று கேட்டேன். பதில்கள் மாறின. மொழிபெயர்ப்பாளர் வேலை என்று யாரும் என்னை நியமிக்கவில்லை. என் மேலங்கியில் 'சுக்காரெலாவான்', அதாவது தொண்டூழியர், என்றுதான் எழுதியிருந்தது.

பாட்டி அந்த அரை மணி நேரமும் சும்மா இருக்கவில்லை. ஒரு மீட்டர் தள்ளிப் பக்கத்து நாற்காலியில் இருந்த சீனத்து அம்மாவிடம், முகக்கவசத்துக்குள்ளிருந்து உரக்க, "டுலு சுச்சுக், பெங்காக் கா?" என்று, முன்னால ஊசி போட்டப்ப வீங்குச்சா என்பதை மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார்.


அந்த அம்மாவும் யோசித்துவிட்டு, கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.