வக்கீலைப் பார்க்கும் முன் நூலகம்: ஒரு பங்காளி வீட்டுக் கணக்கு

[காட்சி: காரைக்குடியில் ஒரு தெரு. பூட்டிய முகப்பு, திண்ணையில் தூசி.]

வணக்கம். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடந்தால், குடியிருக்க ஆள் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். பாதிக் கதை பங்கு பிரியாததில் இருக்கும். பாட்டனார் கட்டிய வீடு. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு சாவி. ஒரு பங்காளி விற்கலாம் என்பார், இன்னொருவர் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வீடு வேண்டாமா என்பார். கட்டிக்கொடுத்த பெண் வாய் திறந்தால், "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே ஆச்சி" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

அப்படியே முடிந்துவிடுமா? சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொந்தக் கண்ணால் படித்துவிட்டு வக்கீலிடம் போவது எப்படி என்பதுதான் இந்த வீடியோ. அதற்கு நான் சொல்லும் இடம், உங்கள் ஊர்ப் பொது நூலகம்.

[காட்சி: கிளை நூலக வாசல், செய்தித்தாள் மேசை.]

சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் கிளை நூலகம். சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்டுவிட்டது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முன்னோடி, பின்னால் நின்றவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். நீங்கள் கட்டும் சொத்து வரியிலேயே நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் போய் உட்காருங்கள். உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம். அட்டை, வீட்டுக்கு எடுத்துப்போகத்தான்.

நூலகரிடம் எப்படிக் கேட்பது? "எனக்குப் பங்கு வருமா?" என்று கேட்டால் அவர் பாவம், என்ன சொல்வார்? அது சட்ட ஆலோசனை, அவர் வேலை இல்லை. "இந்து வாரிசுரிமைச் சட்டம் இருக்கிறதா? தமிழில் விளக்கம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். புத்தகம் கைக்கு வரும். இரண்டு வகை இருக்கும். சட்டத்தின் வாசகம் மட்டும் இருப்பது ஒன்று. வக்கீல்கள் பேர் ஆக்ட் (Bare Act) என்பார்கள், மெல்லிசாக இருக்கும். விளக்க உரையோடு தடிமனாக இருப்பது இன்னொன்று. முதலில் மெல்லிசு. உரை எழுதியவரின் அபிப்பிராயத்துக்கு முன்னால் சட்டத்தின் வார்த்தையைப் பார்த்துவிடுவது நல்லது.

[காட்சி: ஒரு பழைய சட்டப் புத்தகத்தின் உள்பக்கம். பதிப்பித்த ஆண்டு மீது விரல்.]

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். புத்தகத்தைத் திறந்ததும் பார்க்க வேண்டியது பொருளடக்கம் இல்லை, பதிப்பு ஆண்டு. நூலக அலமாரியில் பழைய பதிப்புகளும் இருக்கும். 1990-களில் வந்த ஒரு பதிப்பை எடுத்து 23-ஆம் பிரிவைப் பாருங்கள். குடும்பம் முழுதாகக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பங்கு பிரிக்க முன்வரும் வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க முடியாது என்று இருக்கும். பங்காளி வீட்டுக்கென்றே எழுதியது மாதிரி. அதைப் படித்துவிட்டு, சரி, நமக்கு இல்லை என்று எழுந்து வந்துவிட்டால் போச்சு.

ஏனென்றால் 2005-ஆம் ஆண்டின் 39-ஆம் சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. 9-9-2005-க்குப் பிறகு வந்த பதிப்பில் 23 என்ற எண்ணுக்கு எதிரே 'நீக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். அதே திருத்தம் 6-ஆம் பிரிவையும் மாற்றி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பிலேயே உரிமை என்றது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1989-இல், தனித் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் 25-3-1989-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. அந்தத் தடை 2005-இல் போனது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று அப்புறம் வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. சீர் செய்தது இந்த உரிமையை அழித்துவிடும் என்று 6-ஆம் பிரிவில் எங்கும் இல்லை. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது: 20-12-2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்திருந்தால், அதை இந்தத் திருத்தத்தைக் காட்டிக் கிளற முடியாது. அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் புதுப் பதிப்பு இல்லையா? நூலகத்தில் கணினி இருந்தால் அதில், இல்லாவிட்டால் உங்கள் போனில், இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தைத் திறங்கள். மத்தியச் சட்டங்கள் திருத்தங்களோடு இலவசமாகக் கிடைக்கும். குற்றவியல் புத்தகம் என்றால் இன்னும் உஷார்: 1-7-2024 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது.

[காட்சி: நோட்டில் பென்சிலால் வரைந்த வம்சாவளி. பெயர்களுக்குக் கீழே தேதிகள்.]

அடுத்தது நோட்டு. வாசிப்பறையிலேயே வம்சாவளி போடுங்கள். பாட்டையா, அவர் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், பெண்களை விடாமல். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இறந்த தேதி. வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான், ஏனென்றால் ஒருவர் இறந்த அன்று எந்தச் சட்டம் அமலில் இருந்ததோ அதை வைத்துத்தான் வாரிசுக் கணக்கு தொடங்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 17-6-1956. பாட்டையா அதற்கு முன் காலமாகியிருந்தால் கணக்கே வேறு.

இன்னொரு தொல்லையும் இங்கே சகஜம். ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். வாங்கியவர் கதவையும் தேக்குத் தூணையும் கழற்ற ஆளோடு வந்து நிற்பார். அப்போது எடுக்க வேண்டியவை இரண்டு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு: பிரியாத குடும்பம் வசிக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், கூட்டாகச் சேர்ந்து குடியிருக்கும் உரிமை கேட்க முடியாது. 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு: அவர் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்துப் பங்குதாரர் அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள முன்வரலாம், விலையை நீதிமன்றம் வைக்கும். இரண்டும் சின்னப் பிரிவுகள், ஒரு பக்கத்தில் அடங்கும். நம் ஊரில் இதைத் தெரியாமலே வீட்டைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆவணங்கள் நூலகத்தில் கிடைக்காது. பட்டா விவரத்தை வருவாய்த் துறையின் இணைய சேவையில் பார்க்கலாம். வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம், பதிவுத் துறைத் தளத்தில் பார்க்கலாம். ஆனால் 1920-இல் எழுதிய பத்திரத்தை ஆன்லைனில் தேடிப் பயனில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் கட்டணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். பட்டாவில் பெயர் எப்போது, யார் உத்தரவில் மாறியது என்று தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாள் மனு, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் மாற்றினீர்கள்?" என்று சண்டை போடாதீர்கள், "உத்தரவின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். ஏன் என்ற கேள்விக்கு மழுப்பலான பதில்தான் வரும், நகலுக்கு அப்படி மழுப்ப முடியாது.

[காட்சி: நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் குழுவின் பலகை.]

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்டத்துக்கு ஒன்று, வட்ட அளவில் குழுக்கள், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கு வருமான வரம்பு வைக்கவில்லை. சீர் செய்தாச்சு என்று சொல்லப்பட்ட அந்த ஆச்சியும் நேராகப் போய் மனு கொடுக்கலாம். பங்காளிகள் பேசித் தீர்க்கச் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றம்: கட்டணம் இல்லை, ஏற்கெனவே கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். ஆனால் அங்கே ஆன முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடும் முன் நன்றாக யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பெயருக்குச் சிவில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருந்தால், நூலகத்துக்குப் போய் நாளைக் கடத்த வேண்டாம். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். ஆள் தெரியாவிட்டால் 15100-க்குப் போன் போடுங்கள், அது சட்ட உதவிக்கான எண்.